வீட்டை வரையச் சொன்னால் ஆள் வந்து நிற்கிறார்

விட்டுவிட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து வரைந்து தாருங்கள். இடம்பெயர்ந்த எண்பது பேரிடம் ஓவியர் தா. சனாதனன் கேட்டது இவ்வளவுதான். யாரையும் கதிரையில் இருத்தி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, அவர் படம் கீறவில்லை. தாள் அவர்களுடைய கைக்குப் போனது. தமிழர்கள் வரைந்தார்கள். 1990 ஒக்டோபரில் இலங்கையின் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும் வரைந்தார்கள்.

அந்த வரைபடங்கள் 2011இல் ஒரு புத்தகமாக வந்தன. ஆங்கிலத்தில் ‘தி இன்கம்ப்ளீட் தோம்பு’, நம்முடைய வாயில் ‘முடிவுறாத தோம்பு’ என்று சொல்லலாம். தோம்பு என்ற சொல் யாழ்ப்பாணத்தில் காணிப் பிரச்சினையில் அடிபட்ட எவருக்கும் தெரியும். போர்த்துக்கீசர் தொடங்கி ஒல்லாந்தர் விரித்து எழுதிய காணிப் பதிவேடு அது. யாருக்கு எவ்வளவு நிலம், எத்தனை மரம், எவ்வளவு வரி என்று அரசாங்கம் குடிகளைக் கணக்கெடுத்த புத்தகம். சனாதனன் அதைத் தலைகீழாகப் பிடித்தார். இந்தத் தோம்பில் கணக்கு எழுதுகிறவர்கள் குடிகள். உறுதியும் இல்லை, நில அளவையாளரின் சங்கிலியும் இல்லை. ஞாபகம் மட்டும்தான் சாட்சி.

புத்தகத்தைப் பார்த்தால் கந்தோரில் நாடா கட்டி வைத்த கோப்புப் போல இருக்கும். உள்ளே, முதலில் அந்த ஆள் தன் கையால் கீறிய வீட்டுப் படம். அதன்மேல் மெல்லிய ட்ரேசிங் தாளில், கட்டடக் கலைஞர் அளவுகோல் வைத்துத் திருத்தி வரைந்த அதே வீடு. கூடவே அவர் சொன்ன கதை. பிறகு, அதைக் கேட்டபின் சனாதனன் வரைந்த ஓர் ஓவியம். ஒரே வீடு மூன்று கைகளில். கோணல்மாணலான முதல் படத்தின்மேல் நேர்கோட்டுப் படத்தை விரித்துப் பார்க்கும்போது இரண்டும் பொருந்துகிற மாதிரித் தெரியும், ஆனால் பொருந்தாது. படம் கீறிப் பழக்கமில்லாத கை ஓரிடத்தைப் பெருப்பிக்கும், இன்னோரிடத்தைச் சுருக்கும். ஒருவருக்குக் கிணற்றடி ஒரு ஊரளவு இருக்கும், விறாந்தை ஒரு கோடாகப் போய்விடும். கட்டடக் கலைஞருக்கு அது பிழை. உருவப்படம் தேடுகிறவருக்கு ஆள் அகப்படுகிற இடம் அது.

ஆம், இந்தப் பதிவு உருவப்படங்களைப் பற்றியதுதான். வழக்கத்துக்கு மாறான பொருளில், வழக்கத்துக்கு மாறான முறையில் ஆட்களை வரைகிறவர்களைப் பற்றி இணையத்தில் தேடினால் கோப்பித்தூளில் முகம், ஆணியில் முகம், ரூபிக் கட்டையில் முகம் என்று வந்து விழும். பார்க்கச் சுவாரசியம். கைத்திறனில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் யுத்தம் நடந்த வன்னியில் கேள்வி வேறு மாதிரி எழும்புகிறது. என்ன பொருளில் வரையலாம் என்பதற்கு முன்னால், வரைய வேண்டிய முகத்தின் படம் எங்கே என்பது.

1995 ஒக்டோபர் 30ஆம் திகதி யுத்தத்தால் யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தெருவுக்கு வந்தது. தென்மராட்சிக்குப் போனவர்களில் ஒரு பகுதியினர் கிளாலிக் கடல் தாண்டி வன்னிக்கு வந்தார்கள். கிளிநொச்சியில் தறப்பாள் கட்டி மூச்சுவிட முதல், 1996 செப்டெம்பரில் இராணுவம் அந்த நகரைப் பிடித்தது. சனம் இன்னும் உள்ளே, மல்லாவி, துணுக்காய் பக்கம் நகர்ந்தது. 1998 செப்டெம்பரில் நகரம் திரும்பப் புலிகளின் கைக்கு வந்தது, ஆட்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். 2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி மீண்டும் விழுந்தபோது முழு வன்னியும் கிழக்கே நடந்துகொண்டிருந்தது: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால். இந்த வழியால் வந்த ஒருவரிடம் ‘உங்கள் வீட்டை வரையுங்கள்’ என்றால் அவர் திருப்பிக் கேட்கக்கூடிய கேள்வி நியாயமானது. எந்த வீட்டை?

இப்படி நடந்த சனத்தின் கையில் அல்பம் எவ்வளவு தூரம் வரும்? முதலில் கட்டில் போகும், பிறகு தையல் மெசின், பிறகு அரிசி மூட்டையே போகும். கலியாண அல்பம் பாரம். மழையில் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். இதையெல்லாம் தாண்டிக் கொண்டுவந்தாலும் கடைசியில் இன்னொரு பயம் இருந்தது. பிள்ளை இயக்கச் சீருடையோடு நிற்கிற படம் ஒன்று பையில் இருந்தால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் படங்களைப் பொலித்தீனில் சுற்றிப் புதைத்தார்கள், எரித்தார்கள், கிழித்துக் கடலில் எறிந்தார்கள். செட்டிகுளம் மெனிக் பாமில் முட்கம்பிக்குள் அடைபட்ட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் எத்தனையோ குடும்பங்களிடம் மிஞ்சிய ஒரே முகம் அடையாள அட்டையில் இருந்த கறுப்பு வெள்ளைப் படம். முத்திரை அளவு. நேராகப் பார்க்கிற கண்கள், சிரிப்புக்கு அனுமதி இல்லை.

பெருப்பிக்கப்பட்ட அந்த அட்டைப் படம்தான் இன்றைக்கு வன்னியில் ஆகக் கூடுதலாகக் காணக் கிடைக்கும் உருவப்படம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்னால் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தறப்பாள் கொட்டில் போட்டுப் போராட்டத்தில் அமர்ந்தார்கள். சில நாட்களில் வவுனியா, அடுத்த மாதம் முல்லைத்தீவு. தாய்மார் மடியில் லெமினேட் செய்த படம், பின்னால் பிளெக்ஸ் பதாகையில் வரிசை வரிசையாக முகங்கள். முத்திரை அளவுப் படத்தை ஏ-4 தாள் அளவுக்கு இழுத்தால் புள்ளி புள்ளியாக உடையும். ஸ்டூடியோக்காரர் கம்பியூட்டரில் அதை மெழுகுவார். தோல் வழவழவென்று வரும், தலைமயிர் ஒரு கட்டியாகும், பின்னணி நீலமாகும். வேண்டுமென்றால் வேறு சேட் போடலாம். இறந்த தகப்பனைக் கொண்டுவந்து மகளின் கலியாணப் படத்தில் பக்கத்தில் நிற்கவைப்பது ஸ்டூடியோக்களில் எப்போதோ பழகிய வேலை. வடக்கின் ஸ்டூடியோப் படங்களை மானிடவியலாளர் விந்தியா புத்பிட்டிய இந்தக் கண்ணோடு ஆராய்ந்திருக்கிறார். அவர் எழுதியதை வாசிக்கும்போது அந்த மெளஸ் பிடித்த கை எத்தனை குடும்பங்களின் துயரத்தைத் தொட்டிருக்கும் என்று தோன்றும். கலரி எதுவும் அந்தக் கையை ஓவியன் என்று அழைத்ததில்லை.

இந்த மண்ணில் ஒரு பொருள் தன் வேலையை விட்டு வேறு வேலை பார்ப்பது புதினம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி வரவில்லை, பெற்றோல் வரவில்லை, மின்சாரம் இல்லை. ஜாம் போத்தல் விளக்காயிற்று. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுப் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ பாடியது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் இருமிக்கொண்டு ஓடியது. 2009இன் முதல் மாதங்களில் பங்கருக்கு மண் நிரப்ப உரப்பை தீர்ந்தபோது பெண்கள் சேலையை வெட்டிப் பை தைத்தார்கள். கூறைச் சேலையும் தப்பவில்லை. பட்டுக்கரை போட்ட மண்மூட்டை என்ற பொருளை எந்த நவீன ஓவியனும் கற்பனை செய்திருக்க மாட்டான்.

அந்தத் துணியும் ஊசியும் அங்கிருந்து எழும்பிய ஒரு தலைமுறையின் கலைக்குள் வந்ததில் வியப்பில்லை.

த. வினோஜா கிளிநொச்சியில் பிறந்தவர். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவர். இறுதி யுத்தத்தை இளவயதில் கண்டவர். அவருடைய துணிப்படங்கள் நிலத்தை மேலேயிருந்து பார்க்கின்றன. பங்கர்க் குழிகள், கொட்டில்கள், வழிகள் எல்லாம் தையலாக ஓடுகின்றன. அந்த உயரத்திலிருந்து அந்த நாட்களில் வன்னியைப் பார்த்தவை வேவு விமானங்களும் குண்டு விமானங்களும்தான் என்று நினைக்கும்போது கொஞ்சம் நடுங்கும். அதே பார்வையை எடுத்து, ஒரு நாளைக்கு ஒரு சாண் வேகத்தில், ஊசியால் திரும்பத் தைப்பது சின்ன வேலை இல்லை. ஆள் யாரும் முகமாகத் தெரியமாட்டார்கள். ஆனால் காயத்துக்கு இழை போடுகிற மருத்துவத் தையலும் துணிக்குப் போடுகிற ஓட்டுத் தையலும் ஒரே குடும்பம் என்பது பார்த்தவுடன் உடம்பில் உறைக்கும்.

ஹேமா ஷிரோனியின் கதை வேறு வழியால் வருகிறது. கண்டியில் பிறந்து, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் லாகூரிலும் கலை படித்து, கிளிநொச்சியில் இருந்து வேலை செய்கிறவர். நூல்தான் அவருடைய முதன்மையான ஊடகம். வீடு, குடும்பம், மொழி, வரைபடம், இடம்பெயர்வு என்று தையல் சுற்றிச் சுற்றி வருகிறது.

கண்டிக்கும் கிளிநொச்சிக்கும் உள்ள தூரத்தை வெளியாட்கள் வீதியின் நீளமாக எண்ணிவிடுவார்கள். வன்னிக்காரருக்கு அதில் ஒரு வரலாறே இருக்கிறது. 1948 பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்கில் இரண்டு நாடுகளுக்குப் பிரித்தது. 1977 கலவரத்துக்குப் பிறகு தோட்டங்களை விட்டு ஓடிவந்தவர்கள் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினார்கள். வன்னியின் வயல்களில் கூலிக்கு இறங்கியதும், பிறகு யுத்தத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்ததும் அவர்கள்தான், ஆனால் ‘வன்னி மக்கள்’ என்று பொதுவாய்ச் சொல்லும்போது அந்தப் பேர் அவர்களை எப்போதும் முழுதாக மூடியதில்லை. பதிவேட்டில் ஒரு வரியாகவும், வரைபடத்தில் ஒரு கோடாகவும் பார்க்கப்பட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைத் தலைமுறை, அந்த வரியையும் கோட்டையும் நூலால் மறித்துத் தைக்கிறது.

நூலுக்கு இன்னொரு குணம் உண்டு. பென்சில் கோட்டை அழிக்கலாம். தையலைப் பிரித்தாலும் துளை நிற்கும். முன்பக்கம் ஒரு வீடோ முகமோ இருக்கும், துணியைத் திருப்பினால் முடிச்சும் தொங்கும் நூலும் ஒரே சிக்கலாக இருக்கும். மீள்குடியேற்றத்தின்போது வாழ்வாதார உதவி என்று நிறுவனங்கள் பகிர்ந்த பொருட்களில் தையல் மெசினுக்குத் தனி இடம். கணவனை இழந்த பெண்ணா, ஒரு மெசின் கொடு. பிறகு ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன, விடியமுதல் பஸ் வந்து பெண்பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறது. ஆக வன்னியில் நூல் என்பது கலைப்பொருளாக இறக்குமதியான ஒன்று அன்று. மாதச் சம்பளமும் அதுதான், வங்கிக் கடனும் அதுதான், கழுத்துப் பிடிப்பும் அதுதான்.

வேலியையும் இதில் சேர்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பிறந்து, இடம்பெயர்ந்து வவுனியாவில் வளர்ந்த ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனையால் வேலிகளை வரைகிறார். வேலியை வரைந்தால் அது எப்படி உருவப்படமாகும் என்று கேட்கிறவர் வடக்கில் வாழ்ந்திருக்க மாட்டார். கிளுவங் கதியால் போட்டிருக்கிறார்களா, பனையோலை அடைத்திருக்கிறார்களா, கிடுகா, தகரமா, மதிலா என்று பார்த்தே வீட்டுக்காரரின் வசதியும் குணமும் பக்கத்து வீட்டோடு உள்ள கோபமும் சொல்லிவிடலாம். வேலியில் ஒரு பொட்டு இருந்தால் இரண்டு வீட்டுப் பெண்களும் கதைக்கிறார்கள் என்று அர்த்தம். அந்தப் பொட்டு அடைபட்டால் ஊருக்கே செய்தி. யுத்தத்துக்குப் பிறகு இந்த வரிசையில் முட்கம்பியும் இராணுவத்தின் மஞ்சள் நாடாவும் மண்டையோடு கீறிய மிதிவெடிப் பலகையும் வந்து சேர்ந்தன.

உலகத்தில் இப்படி ஆட்களை அவர்கள் பொருளாலேயே வரைந்தவர்களில் பிரேசில்காரர் விக் முனிஸ் முக்கியமானவர். 1990களின் நடுவில் கரீபியத் தீவான சென் கிட்ஸில் கரும்புத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளோடு அவர் பழகினார். பிள்ளைகள் துடிப்பாக இருந்தார்கள், தாய் தகப்பன் களைத்துச் சோர்ந்திருந்தார்கள். ஊர் திரும்பியவர் 1996இல், கறுப்புத் தாளில் சீனியைத் தூவித் தூவி அந்தப் பிள்ளைகளின் முகங்களைச் செய்து புகைப்படம் எடுத்தார். வெளிச்சம் விழும் கன்னத்துக்குக் கூடச் சீனி, நிழலுக்குச் சீனி இல்லை. பெற்றோரின் இனிப்பை உறிஞ்சிய பொருளால் பிள்ளையின் முகம். பிறகு ரியோவின் மிகப் பெரிய குப்பை மேட்டில் பொறுக்கி விற்பவர்களின் உருவங்களை அதே குப்பையால், ஒரு மண்டபத் தரையை நிறைக்கும் அளவில், அவர்களையே சேர்த்துக்கொண்டு செய்தார். ‘வேஸ்ட் லாண்ட்’ என்ற 2010ஆம் ஆண்டு ஆவணப்படம் அதைப் பற்றியது. நம் நாட்டிலேயே ஹற்றனைச் சேர்ந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையிலும் தேநீர்க் கறையிலும் தோட்டத் தொழிலாளரின் வாழ்க்கையை வரைகிறார். சீனியும் தேயிலையும் ஒரே கோப்பைக்குள் வந்து சேர்கிற பொருட்கள் என்பதைத் தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இன்னொரு கரை ரத்தம். லண்டனில் மார்க் குவின் 1991இல் தன் உடம்பிலிருந்து பல மாதங்களில் எடுத்த நாலரை லீற்றர் ரத்தத்தை உறையவைத்துத் தன் தலையைச் செய்தார். குளிரூட்டி நின்றால் தலை உருகிவிடும். சென்னையில் கராத்தே மாஸ்டரும் ஓவியருமான ஷிஹான் ஹுசைனி, 2013இல் ஜெயலலிதாவின் பிறந்தநாளுக்கு உறைந்த ரத்தத்தில் அவருடைய சிலையைச் செய்தார். பிற்காலத்தில் அங்கே காதலர்களுக்கு ரத்தத்தால் படம் வரைந்து கொடுப்பது ஒரு கடை வியாபாரமாகவே ஆனது. 2022 டிசெம்பரில் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அதற்குத் தடை அறிவித்தார்.

வன்னியில் இருந்துகொண்டு இதை வாசிக்கிறவருக்குச் சிரிப்பும் வராது, கோபமும் வராது. ஒரு களைப்பு வரும். பள்ளிக்கூடக் கட்டடங்களில் இயங்கிய கடைசிநாள் ஆஸ்பத்திரிகளில், காயக்காரரின் உடம்பிலிருந்து வழிந்த ரத்தத்தையே துணியில் வடித்து அவருக்கே ஏற்றிய கதை இங்கே உண்டு. அந்த நினைவு இருக்கிற இடத்தில் ரத்தம் ஒரு வர்ணமாக முடியாது. இது தனிப்பட்ட ரசனைதான், விதி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் வன்னியின் கலைஞர்கள் தேர்ந்த பொருட்களைப் பார்த்தால் அவர்களும் அந்தப் பக்கம் போகவில்லை. துணி, நூல், தாள், பேனை. எல்லாம் இரண்டு ரூபாய்ச் சாமான்.

சனாதனன் இந்த வழிக்கு 2011இல் திடீரென்று வரவில்லை. 2004இல், எரிக்கப்பட்டு மீளக் கட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ‘அகம்-புறம்’ என்ற கண்காட்சி நடந்தது. அதற்காக அவர் ஐந்நூறு வீடுகளிலிருந்து ஐந்நூறு பொருட்களைச் சேர்த்தார். யுத்த காலத்தில் ஒவ்வொரு வீட்டோடும் கிடந்த ஏதோ ஒரு சாமான், கண்ணாடிபோன்ற பெட்டிகளுக்குள். 97,000 புத்தகங்கள் எரிந்த கட்டடத்தில், புத்தகம் இருக்கவேண்டிய இடத்தில், வீட்டுச் சாமான் நின்று கதை சொன்னது. பின்னாளில் நூலக அட்டை அலுமாரி ஒன்றைச் செய்து, அதன் இழுப்பறைகளில் யுத்தத்துக்குள் சனம் உயிர்வாழக் கண்டுபிடித்த சின்னச் சின்ன யுக்திகளை அட்டை அட்டையாக எழுதி வைத்தார். பார்க்கிறவர் இழுப்பறையைத் தானே இழுத்து, அட்டையைத் தானே தேடி எடுக்கவேண்டும். இந்த மூன்று வேலையிலும் அவர் கேட்கிற ஆள், சேர்க்கிற ஆள். முகத்தைச் செய்கிறவர் எதிரே இருக்கிறவர்.

ஒரு சந்தேகத்தையும் மறைக்காமல் சொல்லலாம். இந்தப் படைப்புகள் கொழும்பிலும் டாக்காவிலும் கொச்சியிலும் லண்டனிலும் பார்க்கப்படுகிற அளவுக்குக் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பார்க்கப்படுவதில்லை. முல்லைத்தீவில் ஒரு பிள்ளை ஓவியக் கண்காட்சி பார்க்க ஆசைப்பட்டால் பஸ் பிடிக்க வேண்டும். தங்களுடைய வீட்டை வரைந்து கொடுத்தவர்களுக்கு அந்தப் புத்தகம் விலைக்கு எட்டாத கலைப்புத்தகம். கலைஞர்களில் இந்தக் குறையைச் சாட்ட முடியாது, அவர்களில் பலர் இங்கேயே இருந்து படிப்பிக்கிறார்கள். என்றாலும் குறை குறைதான்.

இங்கே தினம் பார்க்கக் கிடைக்கிற கண்காட்சி காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய ஏ-9 வீதியோரக் கொட்டில். அனுமதி இலவசம், பஸ் யன்னலிலிருந்தும் தெரியும். பிளெக்ஸில் அச்சடித்த முகங்களை வன்னி வெய்யில் விட்டுவைப்பதில்லை. முதலில் மஞ்சள் போகும், பிறகு சிவப்பு போகும். உதட்டுக்கும் கன்னத்துக்கும் நெற்றிப் பொட்டுக்கும் இருந்த நிறம் கழன்று, கடைசியில் எல்லா முகமும் ஒரே நீலமாகும். அப்போது லெமினேட் படத்தை ஒரு பையில் போட்டுக்கொண்டு தாய் ஸ்டூடியோவுக்குப் போவார். மூலப்படம் கேட்டால் இருக்காது. நீலமாகிப்போன படத்திலிருந்தே அடுத்த படத்தை எடுக்கவேண்டும். எந்த நிறம், எவ்வளவு கறுப்பு, தலை எந்தப் பக்கம் வகிடு என்று பக்கத்தில் நின்று தாய் சொல்லச் சொல்ல, ஸ்டூடியோப் பெடியன் திரையில் முகத்துக்கு நிறம் போடுவான்.